ரோஸ்ட்: உப்பில்லாக் கருவாட்டின் ஊர்

நார்வே நாட்டின் மேற்குக் கரைக்கு அப்பால், துருவ வட்டத்துக்கும் வடக்கே, லொஃபோட்டன் எனப்படும் மலைத்தீவுக் கூட்டம் பெருநிலத்தை விட்டு விலகித் தென்மேற்காகக் கடலுக்குள் நீண்டு கிடக்கிறது. அதன் கடைசி நுனியில், பூடோ நகரத்துக்கு மேற்கே சுமார் 100 கிலோமீட்டர் தொலைவில், கடல் நடுவே அமைந்திருக்கும் சிற்றூர்தான் ரோஸ்ட். மக்கள்தொகை ஏறத்தாழ 500. ஆயினும் 1928 முதல் தனக்கென ஒரு மன்றமும் தலைவரும் கொண்ட தனி உள்ளாட்சியாக அது இயங்கி வருகிறது. ஆண்டின் நாள்களைப் போல ரோஸ்டுக்கு 365 தீவுகள் என்று வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கில் சிறு பாறைகளும் அடங்கும். மனிதர் நிலையாக வாழ்வது பெரும்பாலும் ரோஸ்ட்லாண்டெட் என்ற முதன்மைத் தீவில்தான். லொஃபோட்டனின் பிற தீவுகள் செங்குத்தான சிகரங்களுக்குப் பெயர்பெற்றவை என்றால், இத்தீவு தட்டையாகக் கிடக்கிறது: அதன் மிக உயர்ந்த மேடே சுமார் 12 மீட்டர்தான். குளிர்காலப் புயலில் தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு நிலம் தெரியாது, வீடுகள் அலையின்மேல் நிற்பதுபோல் தோன்றும்.

இத்தகைய ஊரை உலகத்தின் விளிம்பு என்று வருணிப்பது சுற்றுலா எழுத்தின் வழக்கம். அந்த வருணனை நிலப்படத்துக்குப் பொருந்துமே தவிர வரலாற்றுக்குப் பொருந்தாது. ரோஸ்டின் மக்கள் ஆயிரமாண்டு அளவாகத் தாம் பிடித்த மீனைத் தாம் ஒருபோதும் காணாத ஊர்களின் சமையலறைகளுக்கு அனுப்பியே பிழைத்தவர்கள்; பெர்கன் வணிகரின் கணக்கேடும், வெனிஸ் நாட்டாரின் நோன்பும், நைஜீரியச் சந்தையின் விருப்பமும் இத்தீவின் அன்றாட வாழ்வைத் தீர்மானித்திருக்கின்றன. ஒதுங்கிக் கிடக்கும் இடம் வேறு, ஒதுங்கி வாழும் ஊர் வேறு. ரோஸ்ட் முதல் வகையைச் சேர்ந்தது.

இவ்வணிகத்துக்கு அடிப்படை இரண்டு இயற்கை நிகழ்வுகள் ஒரே பருவத்தில் ஒன்றுகூடுவது. முதலாவது, ஸ்க்ரெய் எனப்படும் மீனின் வருகை. வடக்கே பாரன்ட்ஸ் கடலில் வளரும் காட் மீன்கள் பருவமடைந்ததும், முட்டையிடுவதற்காகப் பல நூறு கிலோமீட்டர் நீந்தி ஜனவரி முதல் ஏப்ரல் வரை லொஃபோட்டன் கடலில் திரள்கின்றன. அலைந்து திரிவது என்னும் பொருள்தரும் பழைய நோர்ஸ் மொழிச் சொல்லிலிருந்தே ஸ்க்ரெய் என்ற பெயர் வந்தது. இரண்டாவது, அவ்விடத்தின் தட்பவெப்பம். இதே அகலாங்கில் உள்ள சைபீரிய, கனடிய நிலங்கள் குளிர்காலத்தில் கடும் பனியில் உறைந்து கிடக்க, அட்லாண்டிக்கின் வெதுவெதுப்பான நீரோட்டம் நார்வேக் கரையைத் தழுவிச் செல்வதால், ரோஸ்டில் ஜனவரியிலும் சராசரி வெப்பநிலை உறைநிலையை ஒட்டியே நிற்கிறது. கடலும் துறைமுகமும் உறைவதில்லை. டிசம்பரில் சூரியன் அடிவானத்தைத் தாண்டி எழுவதே அரிது. மே இறுதி முதல் ஜூலை நடுப்பகுதி வரை அது மறைவதே இல்லை.

ஸ்க்ரெய் வரும் மாதங்களும், மீனைத் திறந்த வெளியில் காயவைப்பதற்கு ஏற்ற மாதங்களும் ஒன்றாக அமைந்ததால் உருவான பண்டமே டோர்ஃபிஸ்க், அதாவது உலர்மீன். தமிழர் அறிந்த கருவாட்டிலிருந்து இது வேறுபடும் இடம் ஒன்றே ஒன்றுதான்: இதில் உப்பு ஒரு துளியும் சேர்வதில்லை. பிடித்த மீனின் தலையை நீக்கி, குடலை அகற்றிக் கழுவி, ஒத்த பருமனுள்ள இரண்டிரண்டு மீன்களை வாலோடு வால் சேர்த்துக் கயிற்றால் கட்டி, யெல் எனப்படும் உயர்ந்த மரப்பரண்களின் கழிகளில் தொங்கவிடுகிறார்கள். பிப்ரவரியிலிருந்து மே வரை மீன் அங்கேயே காற்றிலும் தூறலிலும் வெயிலிலும் தொங்குகிறது. பின்னர் இறக்கப்பட்டு, காற்றோட்டமுள்ள கிடங்கில் மேலும் சில காலம் முதிர்கிறது. முடிவில் அதன் ஈரத்தில் பெரும்பகுதி போய்விட, ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சை மீன் ஒரு கிலோ உலர்மீனாகச் சுருங்கி விறகுபோல் இறுகிவிடுகிறது. அந்நிலையில் அது ஆண்டுக்கணக்கில் கெடாது. சத்தில் பெரும்பகுதியும் குறையாது.

கேட்பதற்கு இது வேலையே இல்லாத வேலைபோல் தோன்றலாம். உண்மையில் மனிதர் செய்யாத பகுதியைக் காற்று செய்கிறது. அந்தக் காற்றின் அளவு பிசகினால் ஓராண்டு உழைப்பே வீண். கடுங்குளிர் நீடித்தால் மீனுக்குள் உள்ள நீர் பனிக்கட்டியாகி நாரைச் சிதைத்துவிடும். வெயில் முந்தினால் ஈ மொய்த்து மீன் அழுகும். மழை ஓயாவிட்டால் பூசணம் பிடிக்கும். உறைநிலைக்குச் சற்று மேலும் கீழுமாக ஊசலாடும் வெப்பமும் ஓயாத கடற்காற்றும் ஒருங்கே கிடைக்கும் இடம் உலகில் மிகச் சிலவே, அவற்றுள் லொஃபோட்டன் தலையாயது. பரணிலிருந்து இறக்கிய மீனைத் தரம்பிரிப்பது தனிக் கலை. தரங்காண்பவர் ஒவ்வொரு மீனையும் கையில் எடுத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, முகர்ந்து, சுமார் இருபது தரங்களில் ஒன்றில் சேர்ப்பார். அத்தரங்களிற் பலவற்றின் பெயர்கள் இத்தாலியச் சொற்கள் என்பதும், முதல் தரத்தின் பெயர் ராக்னோ என்பதும் எந்தச் சந்தையை எண்ணி இந்த மீன் காய்கிறது என்பதைக் காட்டிவிடும். லொஃபோட்டன் உலர்மீன் என்னும் பெயருக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2014இல் புவிசார் குறியீடு வழங்கியது. பிற இடத்து மீனை அங்கு அப்பெயரில் விற்க முடியாது.

இந்த வணிகத்தின் தொன்மைக்கு எழுத்துச் சான்றும் உண்டு, எலும்புச் சான்றும் உண்டு. ஐஸ்லாந்தில் 13ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட எகில் சாகா என்னும் கதைநூல், 9ஆம் நூற்றாண்டிலேயே வடநார்வேத் தலைவன் ஒருவன் உலர்மீனை இங்கிலாந்துக்குக் கப்பலேற்றியதாகக் கூறுகிறது. காலத்தால் பிந்திய கதை என்று இதை ஐயுற்றவர்களுக்கு விடையாக, இன்றைய வடஜெர்மனியில் இருந்த ஹைத்தாபு என்ற வைக்கிங் காலத் துறைமுகத்தில் கிடைத்த காட் எலும்புகளின் மரபணுவை ஆராய்ந்த அறிஞர்கள், அவை வடதுருவக் கடலின் மீன்கள் என்று 2017இல் வெளியிட்டனர். மன்னர் ஆட்சி வலுப்பட்டபின் வணிகத்தின் தலைவாயில் பெர்கன் நகரமாயிற்று. அந்நியர் பெர்கனுக்கு வடக்கே கப்பல் செலுத்தக் கூடாது என்று 1294இல் ஆணை பிறந்தது. 14ஆம் நூற்றாண்டில் ஹான்சா என்னும் ஜெர்மானிய வணிகக் கூட்டமைப்பு பெர்கனில் நிலையாக அலுவலகம் அமைத்துக்கொண்டது. அதன்பின் பல நூற்றாண்டுகள் வழக்கம் ஒன்றே: வடபுலத்து மீனவர் கோடையில் பரணிலிருந்து இறங்கிய மீனைப் படகேற்றித் தெற்கே பெர்கனுக்குக் கொண்டுசென்று, தம் மண்ணில் விளையாத தானியத்தையும் நூலையும் கயிற்றையும் பெற்றுத் திரும்புவர், மீன் குறைந்த ஆண்டில் வணிகர் கடன் கொடுப்பார், அந்தக் கடன் அடுத்த ஆண்டு மீனையும் அவருக்கே கட்டிப்போடும். பஞ்சத்தில் தானியம் கிடைக்கும் என்ற உறுதியும், கடனிலிருந்து மீள வழியில்லை என்ற கதியும் ஒரே கயிற்றின் இரு முனைகளாக இருந்தன.

இவ்வமைப்பின் உள்ளே மக்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதைப் பற்றி ரோஸ்டுக்கு வாய்த்ததுபோன்ற சான்று அக்காலத்து வேறெந்த நார்வேச் சிற்றூருக்கும் வாய்த்ததாகச் சொல்வது கடினம். அதைத் தந்தது ஒரு கப்பற்சேதம். பியெட்ரோ க்வெரினி என்னும் வெனிஸ் பிரபு, 1431 ஏப்ரலில் கிரீட் தீவிலிருந்து மது, வாசனைப்பொருள் முதலிய சரக்குகளோடு 68 பேர் கொண்ட கப்பலில் ஃபிளாண்டர்ஸ் நாட்டுக்குப் புறப்பட்டார். புயலில் சுக்கான் முறிந்து, கப்பல் வடமேற்காக அடித்துச் செல்லப்பட்டது. டிசம்பரில் கப்பலைக் கைவிட்டு இரண்டு படகுகளில் ஏறினார்கள். சிறிய படகு காணாமற்போயிற்று. பெரிய படகில் இருந்தவர்களில் பலர் குளிராலும் தாகத்தாலும் மடிய, எஞ்சியோர் 1432 ஜனவரித் தொடக்கத்தில் ரோஸ்டை அடுத்த ஆளில்லாத் தீவு ஒன்றில் கரையேறினர். பிப்ரவரியில் ரோஸ்ட் மீனவர் கண்டுபிடித்துத் தம் வீடுகளுக்கு அழைத்துச் சென்றபோது உயிர்பிழைத்திருந்தவர் 11 பேர்.

அவர்கள் மே நடுப்பகுதிவரை அங்கே தங்கினார்கள். மொழி தெரியாத இடத்தில் அவர்களுக்குத் துணையானவர் அவ்வூர்ப் பாதிரியார். ஜெர்மானியரான அந்த டொமினிக்கன் சபைத் துறவிக்கு இலத்தீன் தெரியும். நாடு திரும்பிய க்வெரினி ஒரு குறிப்பும், அவருடைய தோழர் இருவர் மற்றொரு குறிப்பும் விட்டுச்சென்றார்கள். இரண்டையும் ராமூசியோ என்பவர் 1559இல் வெளியிட்ட தம் பயணத் தொகுதியில் அச்சிட்டார். தீவில் அப்போது 120 பேர் வாழ்ந்தனர் என்றும், ஈஸ்டர் நாளில் 72 பேர் நற்கருணை பெற்றனர் என்றும் க்வெரினி எண்ணிச் சொல்கிறார். வணிகருக்கே உரிய கண் அது. நாணயம் புழங்காத அத்தீவில் மீனே நாணயம் என்பதையும், காற்றிலும் வெயிலிலும் உப்பின்றிக் காய்ந்து மரக்கட்டையான மீனைக் கோடரியின் பின்புறத்தால் அடித்து நாராக்கி வெண்ணெயும் மசாலாவும் சேர்த்து உண்கிறார்கள் என்பதையும் அவர் விளக்குகிறார். வீடுகளுக்குப் பூட்டு இல்லை, அந்நியரை மனைவி மக்களோடு ஒரே அறையில் உறங்கவிடுகிறார்கள், ஆயினும் எந்தத் தவறும் நேர்வதில்லை என்று அவர் வியந்து எழுதும் பகுதியில், கண்ட உண்மையோடு, தம் நகரத்தாரின் ஒழுக்கத்தைக் குத்திக்காட்டும் நோக்கமும் கலந்திருக்கக்கூடும். எனினும் விடைபெறும்போது ஊரார் அவருக்கு 60 உலர்மீன்களைப் பரிசளித்தார்கள் என்ற செய்தியில் மிகைக்கு இடமில்லை. அது அவர்களிடம் இருந்த பணம்.

க்வெரினிதான் உலர்மீனை முதன்முதலாக இத்தாலிக்குக் கொண்டுசென்றார் என்ற கதை இரு நாட்டு விருந்துகளிலும் இன்று தவறாமல் சொல்லப்படுகிறது. அது இனிய கதை. ஆனால் ஹான்சா வணிகர்கள் அதற்கு முன்பே உலர்மீனை ஐரோப்பாவெங்கும் விற்றுவந்தனர் என்பதை மறந்துவிட்டுத்தான் அதை ஏற்க முடியும். இத்தாலியில் இம்மீன் பரவலாக வேரூன்றியதற்கு, 16ஆம் நூற்றாண்டின் திரெந்து பொதுச்சங்கத்துக்குப்பின் கத்தோலிக்கரின் நோன்பு விதிகள் இறுகியதும், இறைச்சி விலக்கிய நாள்களில் மலிவாகவும் கெடாமலும் கிடைத்த உணவு இது என்பதும் பெருங்காரணங்கள். க்வெரினியை ரோஸ்ட் மறக்கவில்லை. 500ஆம் ஆண்டு நிறைவான 1932இல் அவர் கரையேறிய தீவில் நினைவுத்தூண் எழுப்பியது. 2012இல் அவர் கதையை இசைநாடகமாகவே அரங்கேற்றியது. வெனிஸ் நிலப்பகுதியின் சாந்த்ரீகோ என்ற சிற்றூர் ரோஸ்டின் இரட்டை ஊர். அங்கே ஆண்டுதோறும் செப்டம்பரில் உலர்மீன் திருவிழா நடக்கிறது. இத்தாலியின் பிற பகுதிகளில் பக்கலா என்றால் உப்பிட்ட காட் மீன். வெனிஸ் நிலப்பகுதியில் மட்டும் அச்சொல் உப்பில்லாத இந்த உலர்மீனையே குறிக்கும்.

பெர்கன் கடன் ஒருபுறமிருக்க, 19ஆம் நூற்றாண்டில் லொஃபோட்டன் மீனவர் தலைமேல் வேறொரு சுமை அமர்ந்தது. நார்வே மொழியில் வேர் என்றால் மீன்பிடி ஊர். நிலம், துறைமுகம், கிடங்கு, கடை, மீனவர் தங்கும் ரூர்பு என்ற மரக்குடில்கள் ஆகிய அனைத்தையும் ஒருவரே உடைமையாகக் கொண்ட ஊர்களும் இருந்தன. அவ்வுடைமையாளரை வேரெயெர் என்றனர். வாடகைக்கு அவர் குடிலில் தங்கியவர் அவரிடமே மீனை விற்று, அவர் கடையிலேயே பொருள் வாங்க வேண்டியிருந்தது. அந்நூற்றாண்டின் இறுதியில், ஒரே பருவத்தில் 30,000க்கும் மேற்பட்ட மீனவர் நாட்டின் பல பகுதிகளிலிருந்து லொஃபோட்டன் கடலில் வந்து குவிந்தனர் என்பதை எண்ணினால், அந்த ஒற்றைக் கடைக்காரரின் ஆற்றல் விளங்கும். இதை உடைத்தது இயந்திரப் படகு பாதி, சட்டம் பாதி. 1938இல் நிறைவேறிய பச்சை மீன் சட்டம், கரையேறும் மீனின் முதல் விற்பனை முழுவதும் மீனவரின் கூட்டமைப்பு வழியாகவே, அது வகுக்கும் குறைந்தபட்ச விலையிலேயே நடக்க வேண்டும் என்றது. இன்றும் அடிப்படை விதி அதுவே. நார்வேயின் செல்வத்துக்கு எண்ணெயைக் காரணம் காட்டுவோர், எண்ணெய் கிடைப்பதற்கு முப்பது ஆண்டுகள் முன்பே அந்நாட்டு மீனவர் தம் விலையைத் தாமே நிறுவும் உரிமை பெற்றதையும் சேர்த்துச் சொல்வது நியாயமாக இருக்கும்.

மீன் மட்டுமே வைத்து ஒரு குடும்பம் ஆண்டு முழுதும் வாழ்ந்ததில்லை. அக்காலக் குடியானவரை நார்வே மொழி மீனவ-உழவர் என்று பொருள்படும் ஒரே கூட்டுச்சொல்லால் குறிக்கிறது. ஆண்கள் கடலில் இருக்கையில் மாடும் ஆடும் வைக்கோலும் கிழங்கும் பெண்கள் பொறுப்பு. கூட்டுச்சொல்லில் முன்னிற்பது மீன் என்றாலும், வீட்டை நிலைநிறுத்தியது பின்பாதி என்று கொள்வதே பொருந்தும். ரோஸ்டுக்கு மூன்றாவது வயல் ஒன்றும் இருந்தது: முதன்மைத் தீவுக்குத் தென்மேற்கே வரிசையாக எழும் செங்குத்துப் பாறைத் தீவுகள். பஃபின் முதலிய கடற்பறவைகள் இலட்சக்கணக்கில் கூடுகட்டும் அப்பாறைகளிலிருந்து முட்டையும் இறைச்சியும் இறகும் கிடைத்தன. அண்டைத் தீவான வாரோயில், பொந்துக்குள் புகுந்து பஃபினைப் பிடித்துவருவதற்கென்றே காலுக்கு ஆறு விரல்கள் கொண்ட ஒரு நாயினத்தை வளர்த்தார்கள்; லுண்டஹுண்ட் எனப்படும் அந்த இனம் அழிவின் விளிம்புவரை சென்று மீட்கப்பட்டது. பாறைத் தீவுகளுக்கும் அப்பால் ஸ்கும்வார் என்னும் கடைசித் தீவில் 1887இல் ஒரு கலங்கரை விளக்கம் எழுந்தது. அங்கே பணிசெய்த தம் மைத்துனர் குடும்பத்தோடு ஏறத்தாழ இரண்டாண்டு தங்கிய ஓவியர் தியோடர் கிட்டெல்சன், நார்வேயர் மனத்தில் இன்றும் நிற்கும் கடற்பூதச் சித்திரங்களுக்கான கருவை அங்கேதான் திரட்டினார். விளக்கம் 1978இல் தானியங்கியானபின் அத்தீவில் நிலையாக வாழ்வோர் இல்லை.

இன்றைய ரோஸ்டில் பள்ளியும் தேவாலயமும் கடையும் 1986இல் திறந்த சிறு விமான நிலையமும் உண்டு; பூடோவிலிருந்து கப்பலும் சிறு விமானமும் வருகின்றன, கடுங்காற்று நாள்களில் வருவதில்லை. 1899இல் கட்டிய மரத் தேவாலயத்துக்குள், 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நெதர்லாந்து நாட்டில் செதுக்கிய பீடச்சிற்பம் நிற்பது, இத்தீவு எவ்வளவு தூரத்து உலகோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருந்தது என்பதற்கு மற்றொரு சாட்சி. குளிர்காலத்தில் பள்ளி விட்டதும் பிள்ளைகள் மீன் கூடத்துக்கு ஓடுகிறார்கள்: காட் மீனின் நாக்கை அறுத்தெடுத்து விற்பது லொஃபோட்டன் எங்கும் சிறுவர் சிறுமியரின் மரபுரிமை. தலையை ஓர் ஆணியில் குத்தி, ஒரே வெட்டில் நாக்கை எடுக்கும் அவ்வேலையில் கிடைக்கும் பணம் அவர்களுடையதே. ஆனால் மேனிலைப் பள்ளி தீவில் இல்லை; பதினாறு வயதில் ஒவ்வொரு பிள்ளையும் வெளியூரில் வாடகை அறை எடுத்துத் தனியே தங்கிப் படிக்கப் போக வேண்டும். திரும்பி வருவோர் எத்தனை பேர் என்பதே ஊரின் எதிர்காலம் பற்றிய கேள்வி.

ஆள் பற்றாக்குறை நார்வேயின் வடகரை முழுதுக்கும் பொது. அக்கரையோடு தமிழருக்கும் உறவுண்டு. 1956இல் யாழ்ப்பாணத்துக் குருநகரிலிருந்து நார்வே சென்ற அந்தோனி ராஜேந்திரம் அங்கே மீன்தொழில் பயின்று, பின்னர் நார்வே மக்களின் உதவியோடு யாழ்ப்பாணத்தில் சீநோர் என்ற மீன்தொழில் நிறுவனத்துக்கு அடியிட்டார். 1980களில் போரால் புலம்பெயர்ந்த ஈழத்தமிழர் பலர், ரோஸ்டுக்கும் வடக்கே ஃபின்மார்க் மாவட்டத்தின் மீன் ஆலைகளில் வேலைசெய்தே அந்நாட்டில் காலூன்றினர்.

கடலும் மாறிவருகிறது. பெருவலையால் அளவின்றிப் பிடித்ததில் நார்வேயின் ஹெர்ரிங் மீன்வளம் 1960களின் இறுதியில் சரிந்தது. வடக்கே மிதந்துவரும் அந்த மீனின் குஞ்சுகளையே இரையாகக் கொண்ட ரோஸ்ட் பஃபின்கள் ஆண்டுக்கணக்கில் தம் குஞ்சுகளை வளர்க்க முடியாமல் போயின. மீன்வளம் பின்னர் மீண்டது, பறவைகள் மீளவில்லை: 1979இல் ஏறத்தாழ 14 இலட்சம் இணைகளாக இருந்தவை இன்று கால்பங்குக்கும் கீழே வந்துவிட்டன. ரோஸ்டுக்கு மேற்கே, 300 முதல் 400 மீட்டர் ஆழத்தில், ஏறக்குறைய 40 கிலோமீட்டர் நீளமுள்ள குளிர்நீர்ப் பவளத்திட்டு ஒன்று 2002இல் கண்டறியப்பட, மறு ஆண்டே அங்கு இழுவலை தடைசெய்யப்பட்டது. கடலடியில் எண்ணெய் இருக்கலாம் என்பது தெரிந்தும், அடுத்தடுத்து வந்த அரசுகள் லொஃபோட்டன் கடலை இதுவரை எண்ணெய்த் துரப்பணத்துக்குத் திறக்கவில்லை. முட்டையிட வரும் காட் மீனை முன்னிட்டு, எண்ணெயால் செழித்த ஒரு நாடு தன்னைத்தானே கட்டுப்படுத்திக்கொண்டது பாராட்டத்தக்கது.

மே மாதம் கழிந்து பரண்கள் காலியானதும், உயர்தர மீன் இத்தாலிக்குப் புறப்படுகிறது. தனியே காய்ந்த தலைகள் நைஜீரியாவுக்குப் போகின்றன. 1967 முதல் 1970 வரை நடந்த பியாஃப்ரா போரின்போது நிவாரண உணவாக அனுப்பப்பட்ட உலர்மீன் அங்கே இன்னும் பரவலாக ஊன்றிக்கொண்டது. இக்போ மக்கள் அதற்கு ஒக்பொரோக்கோ, அதாவது பானையில் ஓசையிடுவது, என்று பெயரிட்டிருக்கிறார்கள். ரோஸ்ட் மக்களோ குளிர்காலத்தில் பெரும்பாலும் அன்று பிடித்த ஸ்க்ரெய்யையே அதன் ஈரலோடும் சினையோடும் வேகவைத்து, உருளைக்கிழங்கு சேர்த்து உண்கிறார்கள். அந்த உணவின் பெயர் மொல்யெ.